கார்க் நகரத்து வெள்ளைச் சிலைகள்: நகலா, படியா?

அயர்லாந்தின் கார்க் நகரில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அங்குள்ள கிராஃபோர்டு கலைக்கூடத்தில் வரிசையாக நிற்கும் வெள்ளைச் சிலைகளைப் பளிங்கு என்று நினைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பக்கத்திலிருந்த குறிப்பில் 'பிளாஸ்டர் வார்ப்பு' என்று படித்ததும் மனம் விட்டுப்போயிற்றாம். "அசல் எல்லாம் ரோமில் இருக்கும்போது இந்த நகல்களை இருநூறு வருடமாக எதற்குக் காப்பாற்றுகிறார்கள்? இத்தாலியச் சிற்பி கனோவாவின் சிலைகள் என்கிறார்களே, அவரே செய்தவையா? நம் ஊர்க் கலைக்கல்லூரியிலும் இப்படிச் சிலைகள் அழுக்கேறி மூலையில் நிற்கின்றன. அவற்றைக் கழுவி வெள்ளையடித்தால் போதாதா?" என்பது அவர் கேள்வி.

கேள்விகள் மூன்று என்றாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: வேறொன்றிலிருந்து எடுத்த ஒரு பொருளுக்குத் தனக்கென்று மதிப்பு உண்டா? நான் சிற்பம் படித்தவன். இருபது வருடங்களுக்கு மேலாக அச்செடுப்பதும் பழைய பிளாஸ்டர் சிலைகளைச் சீர்செய்வதும் என் தொழில். கார்க் தொகுப்பில் நான் வேலை செய்ததில்லை. அதனால் அந்தச் சிலைகளின் வரலாறு பற்றிச் சொல்வது படித்து அறிந்தது, பிளாஸ்டரைப் பற்றிச் சொல்வது கைப்பட அறிந்தது என்று பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'நகல்' என்ற சொல்லைச் சரிசெய்துகொள்வோம். ஒரு சிலையைப் பார்த்து இன்னொருவர் செதுக்கினால் அது நகல். அதில் இரண்டாமவரின் கண்ணும் கையும் கலந்துவிடும். வார்ப்பு அப்படியல்ல. அது அசலின் மேலேயே அச்சை ஒட்டி எடுத்தது. நமக்கு இது புதிய விஷயமே இல்லை. கோயில் சுவரில் ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றிக் கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பார்கள். நூறு வருடத்துக்கு முன் எடுத்த மைப்படியில் தெளிவாக இருக்கும் எழுத்து, இன்று கல்லில் தேய்ந்தோ, திருப்பணியில் கொத்தப்பட்டோ, சுவரோடு போயோ இருக்கும். அந்த மைப்படியை யாரும் போலி என்று சொல்வதில்லை. கல்லுக்கு அடுத்த சாட்சி அதுதான். பிளாஸ்டர் வார்ப்பும் ஒரு படிதான், முப்பரிமாணப் படி.

பிளாஸ்டர் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் இது இன்னும் விளங்கும். ஜிப்சம் என்ற கனிமத்தை ஏறக்குறைய 150 பாகை செல்சியஸ் சூட்டில் வறுத்தால் அதற்குள் இருக்கும் நீரில் முக்கால் பங்கு போய்விடும். கிடைக்கும் மாவுக்குப் பெயர் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் ஜிப்சம் நிறையக் கிடைத்ததால் வந்த பெயர் அது. மாவில் தண்ணீர் சேர்த்தால் இழந்த நீரை மறுபடி வாங்கிக்கொண்டு, சில நிமிடங்களில் இறுகிக் கல்லாகிவிடும். கை உடைந்து மாவுக்கட்டு போட்டுக்கொண்டவர்களுக்கு அது இறுகும்போது வரும் சூடு நினைவிருக்கும். இரண்டும் ஒரே பொருள்தான். இறுகும்போது அது சுருங்காமல் ஒரு மயிரிழை விரிகிறது. அந்தச் சிறு விரிவில்தான் அச்சின் நுணுக்கம் எல்லாவற்றுக்குள்ளும் அது தன்னைத் தள்ளிக்கொள்கிறது. உளி பட்ட கோடு, கண் இமையின் ஓரம், கல்லில் விழுந்த பொரிவு என்று எதையும் விடாது.

அச்செடுப்பதுதான் கடினமான பகுதி. இன்று சிலிக்கான் ரப்பர் இருக்கிறது, வளைத்து உரித்து எடுத்துவிடலாம். 1800களின் தொடக்கத்தில் அது கிடையாது. அச்சும் பிளாஸ்டரிலேயே ஆனது, வளையாது. ஆகவே காதின் பின்புறம், அக்குள், மடிப்பான ஆடை என எங்கெல்லாம் அச்சு மாட்டிக்கொள்ளுமோ அங்கெல்லாம் தனித் துண்டாக எடுக்க வேண்டும். ஒரு முழு உருவத்துக்கு இந்தத் துண்டுகள் எக்கச்சக்கமாக வரும். அவற்றை வரிசை தவறாமல் பொருத்தி, வெளியே ஒரு தாய் அச்சால் கட்டிப்பிடித்து, உள்ளே சோப்பும் எண்ணெயும் பூசி, பிறகு பிளாஸ்டரை ஊற்ற வேண்டும். துண்டுகள் சந்திக்கும் இடத்தில் வார்ப்பின் மேல் மெல்லிய வரம்பு போல ஒரு கோடு எழும். நாங்கள் அதைத் தையல் என்போம். அதைச் சுரண்டி வழவழப்பாக்கினால் பக்கத்துத் தோலும் சேர்ந்து போய்விடும் என்பதால், நல்ல பட்டறைகளில் பல வார்ப்புகளைத் தையலோடுதான் அனுப்பினார்கள். பழைய வார்ப்பில் தையல் கூர்மையாக இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. அந்த மேற்பரப்பை யாரும் தேய்க்கவில்லை என்று அது சொல்கிறது.

நம் சுவாமிமலை வார்ப்போடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே மெழுகுருவின் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் ஊற்றி, மண் அச்சை உடைத்துவிடுகிறார்கள். ஒரு அச்சுக்கு ஒரு திருமேனி, அவ்வளவுதான். ஐரோப்பியத் துண்டச்சின் நோக்கம் நேர் எதிரானது. அச்சைக் காப்பாற்றி அதிலிருந்து பல படி எடுத்து ஊர் ஊராக அனுப்ப வேண்டும். ரோமுக்குப் போக வசதியில்லாத மாணவனுக்கு ரோமைக் கொண்டுவந்து கொடுக்கும் வழி அது.

இப்போது கார்க் கதைக்கு வருகிறேன். நெப்போலியன் இத்தாலியை வென்றபோது, 1797 தொலெந்தினோ உடன்படிக்கையின் பெயரால் போப்பின் சேகரிப்பிலிருந்த லாவோக்கூன் (பாம்புகள் சுற்றிய ஒரு தந்தையும் இரு மகன்களும்), பெல்வடேர் அப்பல்லோ போன்ற சிலைகளைப் பாரிசுக்கு எடுத்துப்போனார். 1815இல் வாட்டர்லூவில் அவர் வீழ்ந்ததும், அவற்றைத் திரும்பக் கேட்கப் போப் ஏழாம் பயஸ் பாரிசுக்கு அனுப்பியது ஒரு சிற்பியை, அன்றைக்கு ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றிருந்த அந்தோனியோ கனோவாவை. பிரிட்டன் அவர் பக்கம் நின்று உதவியது. அந்த நன்றிக்குப் போப் அனுப்பிய பரிசுதான் வாடிகன் சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புத் தொகுதி. பெற்றவர் இளவரசர் ரீஜண்ட், பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னர். அவருக்கு இதில் பெரிய ஆர்வம் இருக்கவில்லை. லண்டனில் தம் மாளிகைத் தோட்டத்தில் ஒரு கூடாரத்துக்குள் போட்டு வைத்தார் என்று ஒரு கதை உண்டு. கூடாரம் பற்றி நான் சத்தியம் செய்ய மாட்டேன். உறுதியானது என்னவென்றால், அயர்லாந்துப் பிரபு ஒருவரின் முயற்சியால் நூற்றுக்கும் மேற்பட்ட வார்ப்புகள் 1818இல் கார்க் நகரின் கலைச் சங்கத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றைச் சுற்றியே அந்த ஊரின் ஓவியச் சிற்பப் பயிற்சி வளர்ந்தது. நீங்கள் பார்த்த கட்டடத்தின் பழைய பகுதி 1724இல் சுங்க மாளிகையாகக் கட்டியது. 1880களில் கிராஃபோர்டு குடும்பத்தார் ஒருவரின் கொடையில் அது விரிந்து கலைப்பள்ளியும் கலைக்கூடமுமாக ஆனது. பள்ளி 1979இல் வேறு இடத்துக்குப் போய்விட்டது. சிலைகள் அங்கேயே தங்கின.

கனோவா தாமே கைப்பட வார்த்தாரா என்றால், இல்லை. அவர் மேற்பார்வையில் வார்க்கப்பட்டவை என்பதே சரியான வாசகம். பிளாஸ்டரில் கை வைத்தவர்கள் பெயர் பதியாத வார்ப்புத் தொழிலாளர்கள். ஆனால் கனோவாவின் பெயர் வெறும் அலங்காரமும் அல்ல. பிளாஸ்டரை அவரைவிட நன்றாக அறிந்த சிற்பிகள் அந்தக் காலத்தில் குறைவு. அவருடைய வேலை முறையே பிளாஸ்டரை நடுவில் வைத்ததுதான். முதலில் களிமண்ணில் உருவம், பிறகு அதிலிருந்து முழு அளவு பிளாஸ்டர். அந்தப் பிளாஸ்டர் முழுக்கச் சிறு உலோக ஆணிகளை அடித்து, ஒவ்வொரு ஆணியிலிருந்தும் அளந்து பளிங்குக்கு மாற்றுவார்கள் உதவியாளர்கள். கடைசி மேற்பரப்புக்கு மட்டும் கனோவாவின் கை வரும். அப்படிப் பார்த்தால் அவர் விரல் பட்ட களிமண்ணுக்கு மிக அருகில் இருப்பது பளிங்கு அல்ல, பிளாஸ்டர்தான். இத்தாலியில் அவர் பிறந்த பொசாஞோ கிராமத்தில் அந்தப் பிளாஸ்டர்களுக்கென்றே ஒரு காட்சியகம் இருக்கிறது. முதல் உலகப் போரில், 1917இல், குண்டு விழுந்து பல உருவங்கள் உடைந்தன. ஆணித்தலைகள் இன்னும் அந்த உடல்களின் மேல் தெரியும்.

'அசல் ரோமில் இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக்கூடக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெல்வடேர் அப்பல்லோ பளிங்குச் சிலையையே, காணாமல் போன ஒரு கிரேக்க வெண்கலத்தைப் பார்த்து ரோமானியக் காலத்தில் செதுக்கியது என்றுதான் பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்த வெண்கலத்தைக் கண்டவர் இன்று யாரும் இல்லை. லாவோக்கூன் எந்த நூற்றாண்டு, முதல் படைப்பா, வெண்கலத்தைப் பார்த்துச் செய்ததா என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு இருக்கிறது.

அதே லாவோக்கூனில்தான் வார்ப்பின் மதிப்பு எனக்கு முதலில் உறைத்தது. அந்தச் சிலை 1506இல் ரோமில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் கிடைத்தபோது நடுவில் இருக்கும் தந்தைக்கு வலது கை இல்லை. பின்னால் வந்தவர்கள் கையை மேலே நீட்டிப் புதிதாக ஒன்று பொருத்தினார்கள். நானூறு வருடம் ஐரோப்பா அந்த நீட்டிய கையைத்தான் பார்த்தது, வரைந்தது, வியந்தது. 1906இல் லுட்விக் பொல்லாக் என்ற தொல்பொருள் ஆய்வாளர் ரோமில் ஒரு கல்தச்சர் பட்டறையில் தலைக்குப் பின்னால் மடங்கிய ஒரு பளிங்குக் கையைக் கண்டெடுத்தார். அது சிலையின் சொந்தக் கைதான் என்று முடிவாகி, 1950களின் இறுதியில் அதைப் பொருத்தினார்கள். மைக்கலாஞ்சலோ அன்றைக்கே 'கை மடங்கித்தான் இருந்திருக்கும்' என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அழகான பேச்சு, ஆனால் அதை ஆதாரமாக எடுக்க முடியாது. இன்று வாடிகனுக்குப் போனால் மடங்கிய கையைப் பார்ப்பீர்கள். நீட்டிய கையோடு, பல தலைமுறை ஓவியர்கள் கண்ட லாவோக்கூனைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய வார்ப்புகளிடம்தான் போக வேண்டும்.

ஏதென்ஸில் இருக்கும் பழைய கிரேக்கக் கோயிலான பார்த்தினனின் மேற்குச் சிற்பப்பட்டை இன்னும் வலுவான சான்று. அங்கிருந்து சிற்பங்களை எடுத்துப்போன பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் 1800களின் தொடக்கத்தில் அந்தப் பக்கத்தில் பெரும்பாலான கற்களை எடுக்காமல், அச்சு மட்டும் எடுத்தார்கள். கற்கள் கட்டடத்திலேயே மழையிலும் புகையிலும் 1993 வரை நின்றன. அன்றைய அச்சிலிருந்து வந்த பிளாஸ்டரில் தெரியும் முகங்கள் சில, இன்று பளிங்கில் இல்லை. அந்த இடங்களில் அசலைப் படிக்கவே படியிடம் போகிறார்கள்.

சரி, இவை பள்ளிக்கூடத்தில் எதற்கு? அன்றைய பயிற்சி படிப்படியானது. முதலில் அச்சடித்த படங்களைப் பார்த்து வரைவது, அடுத்து பிளாஸ்டர் சிலை, அதில் தேறினால்தான் உயிருள்ள மனித உடல். பிளாஸ்டர் அசையாது, களைப்படையாது, கூலி கேட்காது. பளிங்கைப் போல ஒளியை உள்ளே வாங்கி மழுப்பாமல், நிழல் எங்கே தொடங்குகிறது என்று நேராகக் காட்டும். லண்டன் ராயல் அகாடமி கலைப்பள்ளியில் ஓவியர் டர்னர் 1789இல், பதினான்கு வயதில் சேர்ந்தார். மனித உடலைப் பார்த்து வரையும் வகுப்புக்கு அவர் போனது 1792இல். இடைப்பட்ட காலம் எல்லாம் பிளாஸ்டர்தான். பெண்களுக்கு இது இன்னும் கூர்மையான விஷயம். 1860இல் லாரா ஹெர்ஃபோர்டு முதல் பெண்ணாக அந்தப் பள்ளியில் நுழைந்தார். ஆடையில்லாத ஆளைப் பார்த்து வரைய 1893 வரை பெண்களுக்கு அனுமதி இல்லை, அதுவும் பாதி மறைத்த உடல்தான். அத்தனை வருடமும் மனித உடலின் அமைப்பை முழுசாகக் கற்க அவர்களுக்குப் பள்ளியில் கிடைத்தது இந்த வெள்ளை உருவங்கள் மட்டுமே.

கார்க் நகரின் விளைச்சலைப் பாருங்கள். ஜான் ஹோகன் அங்கே ஒரு கட்டடக்காரரிடம் வேலை கற்க வந்த பையன். இந்த வார்ப்புகளைப் பார்த்துப் பார்த்து மரத்தில் செதுக்கத் தொடங்கி, 1824இல் ரோமுக்குப் போய், அயர்லாந்தின் பெரிய சிற்பிகளில் ஒருவரானார். அவர் செதுக்கிய இறந்த கிறிஸ்துவின் பளிங்குச் சிலை ஒன்று கார்க் நகரிலேயே, புனித ஃபின்பார் தெற்குத் தேவாலயத்தில் பீடத்தின் அடியில் கிடக்கிறது. நடந்து போகும் தூரம்தான், அவசியம் பாருங்கள். இன்னொருவர் டேனியல் மக்லீஸ். இந்த அறையில் வரைந்து பழகிய பையன், 1828இல் ராயல் அகாடமி பள்ளியில் சேர்ந்து, பின்னர் பிரிட்டிஷ் நாடாளுமன்ற மாளிகையில் பிரம்மாண்டமான இரண்டு சுவரோவியங்கள் தீட்டினார். அவற்றில் ஒன்று வாட்டர்லூ போர் முடிந்த மாலையில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனும் பிரஷ்யத் தளபதி புளூக்கரும் சந்திக்கும் காட்சி. வாட்டர்லூ வெற்றியால்தான் சிலைகள் ரோமுக்குத் திரும்பின. அந்த நன்றியில்தான் வார்ப்புகள் கார்க் வந்தன. அந்த வார்ப்புகளில் கைபழகியவரே கடைசியில் வாட்டர்லூவை வரைந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

மறுபக்கமும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பதில் பாதிதான். இந்த வெள்ளைப் படிகள் உலகம் முழுவதும் பரவியதால், பழைய கிரேக்கச் சிலைகள் வெள்ளையாகவே இருந்தன என்ற தவறான எண்ணமும் பரவியது. அவை வண்ணம் பூசியவை. இன்றும் நுண்ணாய்வில் நிறத்துகள்கள் கிடைக்கின்றன. இன்னொன்று நம்மைத் தொடுவது. 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய மதராஸ் பள்ளி முதல் பம்பாய், கல்கத்தா வரை கலைப்பள்ளிகளில் 'அழகான உடல்' என்றால் இதுதான் என்ற அளவுகோலாக ஐரோப்பிய வார்ப்புகள் நின்றன. கல்லிலும் வெண்கலத்திலும் சோழர் காலம் விட்டுச்சென்றது பக்கத்திலேயே இருந்தும் அது பாடமாகவில்லை. மதராசில் பணியாற்றிவிட்டு 1896இல் கல்கத்தா பள்ளிக்குத் தலைவராகப் போன ஆங்கிலேயர் ஈ. பி. ஹேவல், இந்தக் கிரேக்க வார்ப்பு முறையை ஒதுக்கி இந்தியக் கலையை மையத்துக்குக் கொண்டுவந்தார். அப்போது எதிர்த்தவர்களில் இந்திய மாணவர்களும் இருந்தார்கள். 'ஐரோப்பியக் கல்வியை எங்களுக்கு மறுக்கிறீர்களா' என்பது அவர்கள் கோபம். இரண்டு பக்கத்து வாதத்திலும் உண்மை இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்புறம் இருபதாம் நூற்றாண்டில், நவீனக் கலை வந்ததும், மேற்கிலேயே பல பள்ளிகள் தங்கள் வார்ப்புகளைச் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டன. மிஞ்சிய தொகுப்புகளுக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்கு அந்த அழிவும் ஒரு காரணம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: தயவுசெய்து கழுவ வேண்டாம், வெள்ளையடிக்கவே வேண்டாம். இறுகிய பிளாஸ்டர் தண்ணீரில் கரையும், லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டு கிராம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒரு சிலையில் நாம் காப்பாற்ற வேண்டியது முழுவதும் மேல்தோலின் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கிறது. ஈரத்துணியால் ஒருமுறை தேய்த்தால் போவது அதுதான். தவிர, பிளாஸ்டர் நுண்துளை உள்ளது. மேலே இருக்கும் தூசியை ஈரம் உள்ளே இழுத்துக் கறையாக்கிவிடும். உள்ளே இரும்புக் கம்பி இருந்தால் துருப்பிடித்து, வீங்கி, வெடிப்பு விடும். பெயின்ட் அதைவிடக் கொடுமை. நான் பார்த்த ஒரு கல்லூரியில், விருந்தினர் வருகிறார் என்று ஒரே ராத்திரியில் எல்லாச் சிலைகளுக்கும் எனாமல் பூசியிருந்தார்கள். ஒரு முகத்தின் இமையை மட்டும் வெளியே கொண்டுவர எனக்கு ஐந்து நாள் பிடித்தது. எனாமலுக்குக் கீழே பழைய சுண்ணாம்புப் பூச்சு ஏழு அடுக்கு. செய்யக்கூடியது எளிமையானது. மென்மையான, உலர்ந்த தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தள்ளி, பக்கத்தில் பிடித்த வாக்குவம் குழாயில் விடுங்கள். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஜன்னல் மழைச்சாரல் படாமல் தள்ளி வையுங்கள். உடைந்த விரல் கிடைத்தால் ஒட்டாமல், எந்தச் சிலையுடையது என்று எழுதி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். அதற்கு மேல் எதுவானாலும் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவர் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

உங்கள் கல்லூரிச் சிலைகள் எந்தக் காலத்தவை என்று படத்தைப் பார்த்துச் சொல்லக் கேட்டிருந்தீர்கள். முன்பக்கப் படத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியாது, சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். பின்புறத்தையும் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். உள்ளே சணல் துணி பதித்திருந்தால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியோ அதற்குப் பிறகோ என்று ஊகிக்கலாம், ஊகம் மட்டும்தான். கனமாக, துணியில்லாமல், தடித்த பிளாஸ்டராக இருந்தால் பழையதாக இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் உள்ளூர்ப் பட்டறைகளில் பின்னாளிலும் அப்படி வார்த்தார்கள். பீடத்தின் பின்னால் வார்ப்பு நிறுவனத்தின் சிறு உலோகத் தகடோ, பதித்த முத்திரையோ, கல்லூரிப் பதிவேட்டில் ஒரு வரியோ கிடைத்தால் அதுதான் நம்பக்கூடிய ஆதாரம். அதனால் அடுத்த முறை போகும்போது விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைச் சிலையின் கன்னத்துக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட ஒட்டினாற்போலப் பிடியுங்கள். தொட வேண்டாம். காதுக்குக் கீழே கழுத்தில் இறங்கும் ஒரு மெல்லிய கோடு தெரிந்தால், அழுக்குக்கோ பெயின்டுக்கோ அடியில் தையல் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோட்டையும் பீடத்தின் பின்புறத்தையும் படமெடுத்து அனுப்புங்கள், அங்கிருந்து தொடரலாம்.